புதுநன்மைக்கு வந்த உளுந்து

யாருக்கு என்ன வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டு வாங்கிக் கொடுப்பது கொடுப்பதே அல்ல என்பது அவருடைய கட்சி. "கேட்டுட்டுக் குடுக்கதுக்கு நான் என்ன கடையா வச்சிருக்கேன்? பாத்துக் குடுக்கணும்யா. நமக்குத் தெரியாதா?" என்பார். அந்த 'நமக்குத் தெரியாதா'வைச் சொல்லும்போது வலது கையால் சட்டைப்பையில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். அதற்குமேல் அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ள முடியாது.

கோவில்பட்டியில் நடுத்தரமான ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் முதலாளி அவர். என் அப்பா அங்கே குச்சிக்கு மருந்து முக்கும் பகுதியில் மேஸ்திரி. முதலாளியின் பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் இருப்பதால் பெயர் வேண்டாம். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. அப்பாவும் அண்ணாச்சி என்றார். அதனால் நானும், பால் குடிக்கிற வயதிலிருந்தே, அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன்.

அவர் கொடுத்தவை எதுவும் கொடுக்கப்பட்டவருக்குப் பொருந்தியதில்லை. இது ஊரில் அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கால்மணிக்கு ஒருதரம் டிங் டாங் என்று அடிக்கும் பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் அலறினார்கள். தலைமை ஆசிரியர் அதை நிறுத்தி வைத்துவிட்டு, அண்ணாச்சியின் மொபெட் சத்தம் கேட்டதும் பியூனை விட்டு ஓட வைப்பார். எங்கள் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓர் இரும்பு பீரோ அனுப்பினார். அது பாய் வீட்டு வாசலில் நுழையவில்லை. பாய் கொத்தனாரைக் கூட்டி வந்து நிலையைப் பெயர்த்தெடுத்தார். பார்க்க வந்த அண்ணாச்சியிடம், "நிலையை மாத்தணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தோம், இப்பதான் நேரம் வந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் அப்பாவுக்கு ஒரு கிறிஸ்மஸுக்குத் தோல் ஷூ கொடுத்தார். அப்பாவின் பாதம் முறம் மாதிரி அகலம். ஆயுளில் செருப்பைத் தவிர வேறொன்றும் போட்டறியாதவர். அந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி முக்குவரை வெறுங்காலோடு நடந்து போவார். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலை உள்ளே திணிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

"சின்னதா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, கொறஞ்சா போவீங்க?" என்பாள் அம்மா.

"எப்படிய்யா இருக்குன்னு கேட்டாவ. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சின்னுட்டேன். இனிமே எப்படிச் சொல்ல?"

ஏன் ஒருவராவது அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று யோசித்திருக்கிறேன். அவர் சோறு போடுகிறவர் என்ற பயம் உண்டு. அது மட்டும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். குச்சி அடுக்கும் ஒரு பெண்ணுக்குக் கையில் தீப்பட்டபோது, வண்டிக்குக் காத்திருக்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை ஓடியவர் அவர்தான். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பொருளைக் கொடுத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற பையனின் முகம் அது. அந்த முகத்தில் தப்பு என்று போட யாருக்கும் கை வரவில்லை. பயமும் பிரியமும் எங்கே பிரிகின்றன என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த இரண்டுக்கும் சேர்த்து வட்டி கட்டியவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. மே மாத விடுமுறை முழுவதும் கோயிலில் சிஸ்டர் நடத்திய ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்து, மந்திரங்களை எல்லாம் மனப்பாடம் செய்து, புதுநன்மைக்குத் தயாராகியிருந்தேன். எங்கள் சபையில் பிள்ளைகள் விவரம் தெரிகிற வயதில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதைத்தான் புதுநன்மை என்போம். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளைப் பூமுடி, முகத்தில் வலை, கையில் ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தி. பூசை முடிந்து வீட்டில் விருந்து. வருகிறவர்கள் செபமாலை கொடுப்பார்கள், செபப்புத்தகம் கொடுப்பார்கள், மாதா சுரூபம் கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் ஒரு மெல்லிய சங்கிலியில் சிலுவை கோத்துக் கொடுப்பார்கள். எனக்கு ஒரு வெள்ளை மணிச் செபமாலை வேண்டும் என்பதுதான் ஆசை. கூடப் படித்த ஒருத்தியிடம் இருந்தது. இருட்டில் மினுங்கும் என்றாள்.

அழைப்புச் சொல்ல அப்பா என்னையும் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். அண்ணாச்சி களத்தில் காயப்போட்டிருந்த குச்சியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, வார ஞாயித்துக்கிழம பிள்ளைக்குப் புதுநன்மை. கோயில்ல பூசை முடிஞ்சு வீட்ல சின்னதா ஒரு சாப்பாடு. நீங்களும் மதினியும் வரணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவளுக்கா? அதுக்குள்ளயா? நேத்துத்தானய்யா பொறந்தா!"

"ஒம்பது முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"ஆங்... இப்ப உள்ள பிள்ளைகளுக்கு எல்லாமே வெரசாத்தான் வருது. காலம் அப்படி."

அப்பாவுக்கு எதுவோ இடறியிருக்க வேண்டும். "இது எங்க வழக்கத்துல என்னன்னா அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தார்.

"ஏய்யா, நமக்குத் தெரியாதா?" என்று சட்டைப்பையைத் தட்டினார் அண்ணாச்சி. "பொம்பளப் பிள்ளையப் பெத்திருக்கே. சீரைப் பத்தி நீ கவலப்படாத, போ."

அப்பா கும்பிட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், செபமாலை வாங்கித் தருவார்களா என்று நான் நச்சரித்துக்கொண்டே வந்தேன். "நல்லதாத்தான் தருவாவ" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் ஒரு சின்னப் பந்தல். பூசை முடித்துப் பங்குச் சாமியாரும் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டு வடையும் காப்பியும் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், கழுகுமலையிலிருந்து வந்து ஓடியாடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நடுவில் ஒரு ஸ்டூலில், கையில் மெழுகுவர்த்தியோடு, அசையாமல் உட்கார வைத்திருந்தார்கள். ஞானோபதேசத்தில் கூடப் படித்த பையன்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று, என் பூமுடியைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் வேன் வந்து நின்றது. முதலில் அண்ணாச்சி இறங்கினார். பிறகு பட்டுச் சேலையில் அவர் மனைவி. அதன் பிறகு, தலைக்கு ஒரு தாம்பாளமாக, கம்பெனிப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். ஒரு தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் பூவும். இன்னொன்றில் அரக்கு நிறத்தில் பட்டுப் பாவாடை, தாவணி, கைநிறையக் கண்ணாடி வளையல். கடைசித் தாம்பாளங்களில், மறைக்காமல், மூடாமல், உளுந்து, கருப்பட்டி, ஒரு டின் நல்லெண்ணெய், வைக்கோலுக்கு மேல் நாட்டுக்கோழி முட்டை.

பந்தலில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஒன்றாக எந்த வீட்டுக்கு வரும், எதற்கு வரும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண் சமைந்த வீட்டுக்கு வரும். அடுத்த வீட்டு அக்காவுக்கு முந்தின வருஷம் வந்ததை நானே பார்த்திருந்தேன். வாசலில் நின்ற பையன்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். என் முகம் அந்த வலைக்குள் வெந்தது. மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

மாமா விறுவிறுவென்று அப்பாவிடம் வந்தார்.

"அத்தான், பிள்ள உக்காந்துட்டாளா? தாய்மாமன் நான் இருக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?"

"இல்லய்யா. அப்படி ஒண்ணும் இல்ல. அவிய தப்பா..." அப்பா அண்ணாச்சி பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப சொல்லுங்க, இது அது இல்லன்னு! நீங்க சொல்லுதியளா, நான் சொல்லவா?"

அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்யா. இவ்வளவு பேருக்கு முன்னால அவிய தலகுனியக் கூடாது. ஒன் கால்ல விழுதேன், பேசாம இரி."

அண்ணாச்சி ஒவ்வொரு தாம்பாளமாக என் முன்னால் வைக்கச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதே முகம். அவர் மனைவி குங்குமச் சிமிழோடு என்னிடம் குனிந்தார். என் வெள்ளைக் கவுனைப் பார்த்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார். சுவரில் இருந்த மாதா படத்தையும் நாற்காலியில் இருந்த சாமியாரையும் பார்த்தார். சிமிழில் தொட்ட விரல் அப்படியே நின்றது.

"வையி, வையி. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே?" என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவி விரலைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு, என் கன்னத்தை மட்டும் வழித்து முத்தமிட்டுக்கொண்டார். "பூமுடி வச்சிருக்கா, பொட்டு எதுக்கு? நல்லா இரி தாயி" என்றார்.

அண்ணாச்சி சாமியாரிடம் போய்க் கைகூப்பினார். "சாமி, பிள்ள நல்லபடியாப் பெரியவளாயிருக்கு. ஒங்க கையால ஆசீர்வாதம் பண்ணுங்க."

சாமியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சாமியார் வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்து, என் தலையில் கை வைத்துச் செபித்தார். கையோடு உளுந்துக்கும் முட்டைக்கும் சேர்த்து ஒரு சிலுவை போட்டார். என்ன செய்வார் பாவம், அப்பா குனிந்து நின்றதே அவரிடம் கெஞ்சியது போல இருந்திருக்க வேண்டும்.

மாமா சாப்பிடாமல் பஸ் ஏறினார். அதற்கப்புறம் வெகுகாலம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு சுரூபமும் இரண்டு செபப்புத்தகமும் டிபன் பாக்ஸும் கிடைத்தன. வெள்ளை மணிச் செபமாலை ஒருவரும் தரவில்லை. காலையில்தான் நாக்கில் நன்மை வாங்கியிருந்தேன். பொய் சொன்னால் ஆண்டவர் உள்ளேயிருந்து அழுவார் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கள் வீடே சேர்ந்து சொன்ன பொய்யின் நடுவில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வயிற்றில் கையை வைத்துக்கொண்டே தூங்கினேன்.

விஷயம் அந்த ஒருநாளோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. அண்ணாச்சிக்குத் தான் கொடுத்ததை விசாரிக்கிற பழக்கமும் உண்டு. "களி கிண்டிக் குடுக்கியளா? ஒழுங்காத் திங்காளா? இடுப்புக்குப் பலம்லா" என்று அப்பாவிடம் கேட்பார். "திங்கா அண்ணாச்சி" என்பார் அப்பா. தீர்ந்திருக்கும் என்று அவரே கணக்குப் பண்ணி மறுபடி உளுந்து அனுப்புவார், நாகலாபுரத்துப் பக்கம் விளைந்த கறுப்பு உளுந்து. அம்மா ஆத்திரத்தோடு கிண்டுவாள். வீட்டில் எல்லோரும், அப்பா உட்பட, உளுந்தங்களி தின்றோம். அப்பா தலையைக் குனிந்துகொண்டே தின்பார்.

தெருவில் நான் பாண்டி விளையாடிக்கொண்டிருந்ததை ஒருநாள் அண்ணாச்சி பார்த்துவிட்டார். மொபெட்டை நிறுத்தி, "ஏட்டி, பெரிய பிள்ள இப்படி நடுத்தெருவுல குதிக்கலாமா? உள்ள போ" என்றார். கோபமாக இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். கூட விளையாடிய பிள்ளைகள் 'பெரிய பிள்ள, பெரிய பிள்ள' என்று பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். அண்ணாச்சியின் மொபெட் சத்தம் கேட்டால் நான் வீட்டுக்குள் ஓடிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கடிகாரத்தை ஓட வைத்த மாதிரி எங்கள் வீட்டில் என்னை ஓட வைத்தார்கள்.

எல்லாவற்றிலும் கேவலமானது அந்த வருஷத்து ஆயுத பூஜை. கம்பெனியில் எல்லோர் குடும்பமும் வர வேண்டும். "அந்தப் பட்டுப் பாவாடை தாவணியப் பிள்ளைக்குக் கட்டிக் கூட்டிட்டு வா, நான் இன்னும் பாக்கலைல்லா" என்று அண்ணாச்சி சொல்லியனுப்பிவிட்டார். அம்மா முடியவே முடியாது என்றாள். அப்பா சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அம்மாவே பீரோவைத் திறந்தாள். பாவாடையை இரண்டு சுற்று மடித்து இடுப்பில் கயிறு போட்டுக் கட்டினாள். தாவணி நிற்க இடமில்லாமல் வழிந்து வழிந்து விழுந்தது. ஊக்குகளாகக் குத்தினாள். குத்தும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், நானும் அழுதேன்.

கம்பெனியில் பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். நான் தாவணியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். அண்ணாச்சி பொரிகடலை கொடுத்தார். வாங்கக் கையை எடுத்தேன், தாவணி அவிழ்ந்து விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து என் தோளில் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லவில்லை. "பிள்ளையக் கூட்டிட்டுப் போங்கம்மா, களைச்சுட்டா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு உளுந்து வரவில்லை. களி விசாரிப்பும் நின்றது. கொடுத்ததை மறந்துவிட்டார், வேறு யாருக்கோ வேறு எதையோ கொடுக்கப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டோம். அவருக்குப் புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்திருந்தது. எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது முக்கிலேயே ஹாரனை அழுத்த ஆரம்பித்து, தெரு பூராவும் அடித்துக்கொண்டே வருவார். குறுக்கே ஆடு இருக்காது, ஆள் இருக்காது. "அண்ணாச்சிக்கு வயசாவுது, கண்ணு மங்கிட்டு போல" என்று பாய் சொல்வார். எனக்கு அது ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்தது. சத்தம் கேட்டதும் கல்லைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். அவரும் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் போவார்.

பதிமூன்று வயதில் நான் நிஜமாகவே வயதுக்கு வந்தேன். ஊரறிய ஒரு தரம் நடந்துவிட்ட விசேஷத்தை மறுபடி எப்படி நடத்துவது? பந்தல் இல்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, மாமாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக ஏதாவது கேட்பார். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, நல்லெண்ணெய் வாசம் வெளியே போகாதபடி, சின்னச் சட்டியில் களி கிண்டினாள். திருட்டுப் பண்டம் மாதிரி அதைத் தின்றேன். என் உடம்பு ஏதோ தப்புச் செய்துவிட்டதாக, செய்ததையும் மறுபடி செய்துவிட்டதாக எனக்கு இருந்தது. அந்தக் கூச்சம் போக வெகு வருஷம் ஆயிற்று. முழுசாகப் போய்விட்டதா என்று கேட்டால் தெரியாது.

அன்றைக்கு அப்பாவிடம் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். "நீ அவிய மொகத்தப் பாக்கல. வலைக்குள்ள இருந்தே" என்றார். பிறகு, "சோறு போடுதவிய வேற" என்றார்.

இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மை, முதலாவது சால்ஜாப்பு என்று எடுத்துக்கொண்டேன். என் அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்ற எண்ணம் அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டது. அதற்காக நான் வெட்கப்பட்டேன். அண்ணாச்சியைப் பற்றிய எண்ணம் இன்னும் எளிமையானது. நல்ல மனசுள்ள ஒரு முட்டாள்.

என் கல்யாணத்துக்கு அண்ணாச்சி ஒரு கிரைண்டர் அனுப்பினார். நான் குடியேறப்போன மாடி வீட்டுக்கு அதை ஏற்றவே முடியவில்லை, அம்மா வீட்டிலேயே கிடந்தது. வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அப்பா இறந்தது இரண்டாயிரத்துக்குப் பின்னால், ஒரு மழைக்காலத்தில். கரிசல் மண் சேறாகிக் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். மாமாகூட வந்திருந்தார். அடக்கத்துக்கு அண்ணாச்சியால் வர முடியவில்லை. கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு, நடக்கக் கம்பு பிடிக்கிற நிலையில் இருந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகலில் மகனுடைய காரில் வந்தார். டிரைவர் கையைப் பிடித்து இறக்கி, முன் அறையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனான். அம்மா உள்ளே காப்பி போடப் போயிருந்தாள். அண்ணாச்சி அப்பா படத்தையும் அதன் முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியையும் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன வா. பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். சட்டைப்பையைத் தட்டினார். இந்தத் தடவை உள்ளே கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். தீப்பெட்டி பண்டல் சுற்றுகிற பழுப்புத் தாள். மடிப்பெல்லாம் வெளுத்து நைந்து போயிருந்தது.

"பிரி" என்றார்.

உள்ளே ஒரு செபமாலை. வெள்ளை மணி. சின்னப் பிள்ளைகள் கழுத்துக்குப் போடுகிற அளவு.

"ஒனக்குப் புதுநன்மைக்கு" என்றார்.

நான் மாலையைத் தாளிலிருந்து கையில் எடுத்தேன்.

"ஆயுத பூசைக்கு நீ தாவணியப் புடிச்சுக்கிட்டு நின்னியே, அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. வீட்ல போய்க் கேட்டேன். 'அது பச்சப் பிள்ளைங்க, அது சாமிக்குச் செய்யுத விசேஷம், நீங்க சடங்குன்னு நெனச்சுக்கிட்டுப் போனீங்க'ன்னா. அவளுக்கு அன்னைக்குப் பந்தல்லயே தெரிஞ்சு போச்சு. எனக்காவ வாயத் தொறக்கல." மூச்சு வாங்கினார். "மறுவருசம் காமநாயக்கன்பட்டி மாதா கோயில் திருவிழாவுக்குப் போனேன். செபமாலை விக்கிற பொம்பளகிட்ட, 'ஏம்மா, ஒம்பது வயசுப் பிள்ளைக்குப் புதுநன்மைக்கு என்ன குடுப்பாங்க'ன்னு கேட்டேன். இத எடுத்துக் குடுத்தா. என் ஆயுசுல ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்குனது இது ஒண்ணுதான்."

"அப்பவே குடுத்திருக்கலாமே, அண்ணாச்சி."

"எப்படிக் குடுக்க? குடுத்தா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ஒங்கப்பனுக்குத் தெரிஞ்சிரும்லா. நான் தலகுனியக் கூடாதுன்னுதான் அவன் அவ்வளவையும் தாங்கிக்கிட்டு நின்னான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மறுநா வேலைக்கு வருவானா? என் மொகத்துல முழிப்பானா? மானஸ்தன்ட்டி ஒங்கப்பன்." மெழுகுவர்த்தியைக் காட்டினார். "இனிமே அவன் வெக்கப்பட வேண்டியதில்ல. அதான் எடுத்துட்டு வந்தேன்."

பயந்தாங்கொள்ளி என்று நான் முடிவு கட்டி வைத்திருந்த மனிதனை அவர் மானஸ்தன் என்கிறார். படத்திலிருந்த அப்பாவைப் பார்க்க முடியாமல் என் கையிலிருந்த வெள்ளை மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அண்ணாச்சி சட்டென்று என் கையை மூடினார். "மறச்சு வையி. ஒங்கம்மா பாத்தா சங்கடப்படுவா. தாவணி கட்டிவிட்டது அவதான."

அம்மா காப்பியோடு வந்தாள். அதில் சீனி போடவில்லை என்று பிறகுதான் நினைவு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணாச்சி அந்தக் கசப்புக் காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி எழுந்தார். டிரைவர் வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான்.

"என்னத்தக் கையில வச்சிருக்கே? அண்ணாச்சி எதுவும் குடுத்தாவளா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

கார் கிளம்பித் தெருவில் மெதுவாகப் போயிற்று. முக்கில் ஏதோ குறுக்கே வந்திருக்க வேண்டும், டிரைவர் ஹாரன் அடித்தான். வாசல்படியில் நின்றிருந்த நான் என்னையறியாமல் திரும்பி, விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டேன். கதவுக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான், குறுக்கே யாருமில்லாத தெருவில் அத்தனை வருஷம் அவர் எதற்காக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார் என்று எனக்குப் புரிந்தது.